மூன்று மடங்கு

கணக்கு உதைத்தது. முதல் மூன்று நாள் தம்பியின் ரத்தத்தில் மருந்து சரியான அளவில்தான் இருந்தது. நேற்று திடீரென்று மூன்று மடங்கு. உடனே மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள். இன்றும் சோதனைத் தாளில் அதே மூன்று மடங்கு. உள்ளே போவது பாதியானால் இருப்பதும் இறங்கத்தானே வேண்டும்?

அக்கா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளுக்கு முன் அவளுடைய சிறுநீரகம் ஒன்று அவன் வயிற்றுக்குள் போயிருந்தது. அவளுடைய தையலைச் சுற்றித் தோல் மரத்துக் கிடந்தது. மனசும் அப்படித்தான். பயப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது, பயம் வரவில்லை.

இருபது வருடமாக அவள் ஆராய்ந்தது இதே மருந்தைத்தான். வேற்று உறுப்பை உடம்பு விரட்டாமல் இது தடுக்கும். எண்ணெய் மாதிரி, தண்ணீரோடு சேராது. கல்லீரலில் ஒரு நொதி அதைப் பிடித்து, ஆக்சிஜன் அணு ஒன்றை ஏற்றி, வெளியே போகத் தோதாக மாற்றி அனுப்பும். சிலருக்கு அந்த நொதி சுறுசுறுப்பு, சிலருக்குச் சோம்பல். யாருக்கு எப்படி என்பதை மரபணுவை வைத்தே சொல்லலாம் என்று காட்டியவர்களில் அவளும் ஒருத்தி. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட நொதியைத்தான் சந்தேகிப்பாள் என்று ஆய்வகத்தில் கேலி உண்டு.

இரண்டு நாளாக நொதியைத்தான் குடைந்துகொண்டிருந்தாள். ஆனால் தம்பியின் மரபணுவை அறுவைக்கு முன்பே பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை.

சிறுநீரக டாக்டர் வந்தார். புதுச் சிறுநீரகம் தளர்கிறது என்றார். மருந்து மிஞ்சினாலும் அது கெடும், குறைந்தாலும் உடம்பு அதைத் தாக்கிக் கெடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். தாள் மிஞ்சியதாகச் சொல்வதால் சாயங்காலம் மருந்தை நிறுத்தப் போவதாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். தாள் தப்பாக இருந்தால் சில நாளில் சிறுநீரகம் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். யாரோ ஒருவரின் சிறுநீரகத்தைப் பற்றி நினைப்பதுபோல நினைத்தாள்.

“என்னக்கா, தாளை மொறைச்சா நம்பர் எறங்கிடுமா?” என்றான் தம்பி.

அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

“கையெல்லாம் சல்லடை. ஆனா அந்த நர்ஸம்மா புண்ணியவதி. ரெண்டு நாளா குத்துறதே இல்ல. கழுத்துக் குழாயிலயே ரத்தம் எடுத்துக்கிறாங்க.”

“மருந்து போற குழாய்லயா?”

“அதேதான். நோகவே இல்ல.”

நர்ஸை அழைத்துக் கேட்டாள். மருந்தை நிறுத்தி, உப்பு நீரால் குழாயைக் கழுவி, முதலில் வரும் ரத்தத்தைக் கொட்டிவிட்டுத்தான் எடுப்பதாக நர்ஸ் சொன்னாள். முறைப்படிதான் செய்திருந்தாள். வேறு மருந்தாக இருந்தால் இதுவே போதும்.

ஆராய்ச்சிக்கு வந்த முதல் வருடம், சோதனைக் குழாய்களில் இந்த மருந்து காணாமல் போய்க்கொண்டே இருந்தது. நொதி சேர்க்காத குழாயிலும் காணோம். ஒரு மாதம் திணறிய பிறகு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். அன்று முதல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்தான். முதல் கட்டுரையில் அதை அடிக்குறிப்பாக எழுதியதும் அவளேதான். நொதியைப் பற்றி அத்தனை எழுதியதில் அந்த ஒரு வரி அவளுக்கே மறந்துவிட்டது.

கழுத்துக் குழாயும் பிளாஸ்டிக். எண்ணெயை உப்பு நீர் கழுவாது. சுவரில் ஒட்டியது, எடுக்கும் ரத்தத்தின் சிவப்பணுக்களோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வந்திருக்கிறது. மருந்தைக் குறைத்தாலும் ஒட்டியது ஒட்டியதுதான்.

டாக்டரிடம் சொன்னாள். வலது கையில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மூன்று மணிக்கு முடிவு வந்தது: இருக்க வேண்டியதில் பாதி. மருந்து மிஞ்சவில்லை, போதாமல் இருந்திருக்கிறது. டாக்டர் நிறுத்தவில்லை, கூட்டினார்.

“அப்போ மறுபடியும் குத்துவாங்களா?” என்றான் தம்பி.

“குத்துவாங்க.”

அவளுக்குச் சந்தோஷமும் வரவில்லை. பேனாவை வாங்கி, கட்டிலில் தொங்கிய அட்டையில் எழுதினாள்: மருந்து கழுத்துக் குழாய் வழியாக. அளவு பார்க்கும் ரத்தம் கையில் குத்தி மட்டும்.