கோலில் நின்றவன்

ஆல்பர்ட் ஒலிவேரோ ஒரு பொய் சொல்லியிருந்தான். காதோடு காதாகச் சொன்ன பொய் என்றாலும் பரவாயில்லை. தொண்டை கிழிய, ஊர் கேட்கக் கத்திச் சொன்ன பொய்.

ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் ஊரான ஜிப்ரால்டரில் அப்போது கத்துவதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஸ்பெயின் அரசு எல்லைக் கதவைப் பூட்டித் தொலைபேசியையும் துண்டித்துவிட்டது. அந்தப் பக்கம் லா லினியாவில் மகள் வீட்டோடு இருந்த அவனுடைய அப்பா மனுவேல் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பக்கமும் ஜனங்கள் வேலியில் வந்து அப்பிக்கொள்வார்கள். பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டுவது, செத்தவர் பேரைச் சொல்வது, எல்லாமே நடுவில் கிடக்கும் வெற்று நிலத்தைத் தாண்டித்தான்.

மனுவேல் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடற்படைக்காரர்கள் கழித்துப்போட்ட மட்டைகளை வாங்கி, கப்பல் பட்டறைத் தொழிலாளிகளைச் சேர்த்து, ஊரின் முதல் ஹாக்கி அணியைக் கட்டியவர்களில் ஒருவர். சரளை மைதானத்தில் விழுந்து விழுந்து முழங்கால் தோலை அங்கேயே விட்டவர். அந்த அணி முதன்முதலாக ஐரோப்பியப் போட்டிக்குப் போகிறது என்றதும் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவையே வேலிக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"கோல்ல யாருடா நிக்கிறது?" என்று கத்தினார்.

ஹெக்டர் டானினோதான் நிற்கப்போகிறான், தான் வெறும் மாற்று ஆள் என்பது ஆல்பர்ட்டுக்கு முன்பே தெரியும். ஆனால் அப்பாவைச் சுற்றி அத்தனை தலைகள்.

"நான்தாம்ப்பா!"

அங்கே ஒரே கைதட்டல். கதவைப் பூட்டினால் எல்லாமே பூட்டிக்கொள்ளும் என்று நினைத்துப் பழகிய ஊர் அது. ஆட்டத்தின் சேதியும் வேலி தாண்டாது என்றுதான் ஆல்பர்ட்டும் நினைத்தான்.

வெளிநாட்டு மைதானத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்தில் மைக்கோடு நின்ற ஊர் ரேடியோக்காரனைப் பார்த்தான். ரேடியோவுக்கு ஏது வேலி?

"ஹெக்டர் தடுத்துவிட்டார்! மறுபடியும் ஹெக்டர்!"

அத்தனையும் லா லினியாவில் கேட்கும். ஹெக்டருக்குக் காலில் அடிபட்டால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தான், உடனே தன்னையே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தான், எழுந்தான், கையுறையை மாட்டினான், கழற்றினான். "மூட்டைப்பூச்சி கடிக்குதா உனக்கு?" என்று கேப்டன் அதட்டினார். இரண்டே கோலில் தோற்றார்கள். இன்னும் எத்தனையோ விழுந்திருக்க வேண்டியவை. எல்லாவற்றையும் ஹெக்டர் நெஞ்சால் வாங்கியிருந்தான். ஊர் திரும்பியதும் அவனைத் தோளில் தூக்கினார்கள்.

ஆல்பர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஞாயிறு போகாமல் இருந்துவிடலாமா? போகாவிட்டால் கிழவர் மகனுக்கு என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவார். போனான். மாமியாருக்குக் குழந்தையைக் காட்ட ஹெக்டரும் அங்கே வந்து நின்றிருந்தான்.

"என்னடா, இன்னிக்கும் நீதான் கோல்கீப்பரா?" என்றான் ஹெக்டர். அவன் குரலில் சிரிப்பு இல்லை. நியாயம்தானே.

அந்தப் பக்கம் மனுவேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் அதே தெரு ஜனங்கள். ஒருவன் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரேடியோக்காரன் சுத்த மடையன்டா! ஆட்டம் முழுக்க உன் பேருக்குப் பதிலா ஹெக்டர் ஹெக்டர்னு சொல்லிட்டிருந்தான்! நம்ப மாட்டேங்கிறானுங்க! தெரு பூரா சண்டை போட்டுட்டேன்! நீயே சொல்லு இவனுங்ககிட்ட!"

ஆல்பர்ட் திரும்பிப் பார்த்தான். ஹெக்டர் சட்டைப் பித்தான் திறந்திருந்தது, நெஞ்சில் பந்து பட்ட இடம் இன்னும் கன்றிக் கிடந்தது. 'ஆமாம்ப்பா' என்ற ஒரு வார்த்தை போதும், அப்பாவின் மானம் தப்பிவிடும். அந்த வார்த்தை வாய்வரை வந்தும் விட்டது.

"நான் ஆடலப்பா!" என்று கத்தினான். "ஹெக்டர்தான் நின்னான்! நான் பெஞ்சுல இருந்தேன்! பொய் சொல்லிட்டேன்!"

இரண்டு பக்கமும் சத்தம் அடங்கிப்போயிற்று. மனுவேல் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாகக் காதருகே கையைக் குவித்தார்.

"என்னது? ஒண்ணும் கேக்கல!"

"நான் ஆடலப்பா!"

"காத்து அடிக்குதுடா, கேக்கல! தொண்டையைக் கெடுத்துக்காத! வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு! அடுத்த போட்டிக்கு நல்லாப் பழகு, என்ன?"

சிரித்துக்கொண்டிருந்தவன் தோளைப் பற்றித் திருப்பி, எல்லாரையும் தள்ளிக்கொண்டு கிழவர் நடந்தார்.

ஹெக்டர் அண்ணாந்து கொடிக்கம்பத்தைப் பார்த்தான். கொடி துவண்டு கிடந்தது.

"எங்கடா காத்து?" என்றான்.

ஆல்பர்ட் வேலிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று அழுதான்.