பொட்டு வைத்த துவக்கு

துவக்கை வாங்கியது நான். சுட்டதும் நான். பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது இவரை. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

அதுவும் பெரிய துவக்கு ஒன்றுமில்லை, எயார் கன். கடையில் பாஸ்போட்டைக் காட்டினால் தந்துவிடுவார்கள், லைசென்ஸும் தேவையில்லை. ஈஸ்ட் ஹாம் வீட்டின் பின்வளவில் நான் நட்ட பூசணியில் ஒரு காயையாவது முற்றவிட்டால்தானே அந்தக் கோதாரி விழுந்த அணில்கள்! ஒவ்வொன்றும் பூனைக்குட்டியளவு. பொறுத்துப் பார்த்து, ஓகஸ்டில் போய் வாங்கி, பின்வளவு ஷெட்டில் பூட்டி வைத்தேன். எனக்குக் குறி பிடிபடவில்லை. ஆனால் சத்தத்துக்கே ஓடின. ஒக்டோபரில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி யன்னலால் பார்த்துவிட்டுப் பொலிசுக்குப் போன் அடித்தாள். வாசலில் ஹெல்மெட்டோடு ஆறு பேர். என் பெயரைக் கொம்பியூட்டரில் தட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. இவரின் பெயரைத் தட்டினார்கள், பழைய வழக்கு வந்தது.

இவர், அதுதான் என் மனுசன் றஜீவ், பத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஹை ஸ்ட்ரீட்டில் பெடியளின் அடிபாடு ஒன்றில் நின்றவர். நான்கு வருடச் சிறைத் தீர்ப்பு. நான் கலியாணம் கட்டமுந்திய கதை அது. அதற்குப் பிறகு இருபது வருடமாகக் குழாய் வேலை, வீடு, கோயில் என்று இருக்கிற மனுசன். மூன்று வருடமோ அதற்கு மேலோ தீர்ப்புக் கிடைத்தவர் சாகும்வரை துவக்கு வைத்திருக்கக்கூடாதாம். எயார் கன்னும் துவக்குத்தானாம். எனக்குத் தெரியாது என்றால், அது பதில் இல்லையாம்.

மறியல் என்றால் சிறைதான், அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய வழக்கால் இவருக்கு சிற்றிசன், அதுதான் இந்த நாட்டுக் குடியுரிமை, கிடைக்கவில்லை. பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால் நாட்டைவிட்டே அனுப்புவார்கள். அந்த நாளிலும் அனுப்பப் பார்த்தவர்கள்தான். ஊரில் சண்டை நடந்தபடியால் விட்டார்கள். இப்போது சண்டை இல்லை. சமாதானம் வந்து எங்கள் தலையில் இப்படி விடிந்திருக்கிறது. நானும் பதினைந்து வயது மகள் ஜதுர்ஷிகாவும் இங்கே, இவர் அங்கே.

எங்கள் சட்டத்தரணி கல்யாணி, தமிழ்நாட்டுப் பிள்ளை. அப்டன் பார்க்கில் நகைக்கடைக்கு மேலே அவளுடைய ஒஃபிஸ். இவரைப் பிணையில் எடுத்துக்கொண்டு போன முதல் நாளே விரித்துச் சொன்னாள்.

"ரெண்டு வழி இருக்கு அக்கா. இப்பவே குத்தத்த ஒத்துக்கிட்டா தண்டனையில மூணுல ஒரு பங்கு குறைப்பாங்க. பத்து மாசத்துக்குள்ள முடியும்னு நினைக்கிறேன், பன்னிரண்ட தாண்டாது. இல்லேன்னா வழக்காடலாம். துப்பாக்கி உங்களோடது, ஷெட் சாவி உங்ககிட்ட, அவர் அத தொட்டதே இல்லைன்னா ஜெயிக்க வாய்ப்பிருக்கு. தோத்தா அந்தக் குறைப்பு கிடையாது."

இவர் என்னைப் பார்த்தார். "ஒத்துக்கொள்ளுவம் நாயகி. பத்து மாசம் கண்மூடி முழிக்கப் போயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நான் வாங்கின துவக்குக்கு நீங்கள் ஏன் மறியலுக்குப் போகவேணும்?"

"அவர் எப்பவாவது அத கையில எடுத்திருக்காரா?" கல்யாணி கேட்டாள்.

இவர் வாயைத் திறக்கப் பார்த்தார். மேசைக்குக் கீழே காலை மிதித்தேன். "இல்லை," என்றேன். வழக்காடுவது என்று முடிவானது.

எடுத்திருக்கிறார். ஒரேயொரு தரம். ஆயுத பூசையன்று. தையல் மிஷின், மகளின் புத்தகங்கள், இவரின் ட்ரில், குறடு, சமையலறைக் கத்தி எல்லாம் சாமிக்கு முன்னால் வைப்போம். எனக்கு அன்று மாதவிலக்கு. சாமியறைக்குள் கால் வைக்க ஏலாது. வாசலில் நின்று, "அந்தத் துவக்கும் ஒரு ஆயுதம்தானே, அதையும் கொண்டுவந்து வையுங்கோ," என்று சாவியைக் கொடுத்தவள் நான்தான். மனுசன் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டும் வைத்தார். நல்ல வடிவாக இருந்தது. படமெடுத்துப் போனில் எங்கள் குடும்பக் குறூப்பில் போட்டேன். போட்டதோடு விட்டேனா? கீழே எழுதியும் வைத்தேன்: "நான் சாமியறைக்குள்ள போகேலாத நாள். துவக்கு முதல் கத்தி வரைக்கும் எல்லாம் இவர்தான் தூக்கி வைச்சுப் பொட்டும் வைச்சவர். இப்பிடி ஒரு மனுசன் ஆருக்குக் கிடைக்கும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

பொலிஸ் வந்த அன்று, அவர்கள் ஷெட்டில் நின்ற நேரத்தில் என் போனிலிருந்து அதை அழித்துவிட்டேன். துலைந்தது சனியன் என்று இருந்தேன். இவரின் போனை எடுத்துக்கொண்டு போனவர்களே, அதில் அந்தக் குறூப் இருக்குமே என்று என் மூளைக்கு எட்டவில்லை.

வழக்குத் தொடங்குகிற அன்று காலை கோர்ட் வாசலில் கல்யாணி ஒரு கடதாசிக் கட்டோடு வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. பொலிஸ் கொண்டுபோன போனில் இருந்ததெல்லாம் மொழிபெயர்ப்போடு அப்போதுதான் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். படத்தையும் நான் எழுதியதையும் காட்டினாள்.

"இது உண்மையான்னு நான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் கேக்கல. இப்ப ஒத்துக்கிட்டாலும் கொஞ்சம் குறைப்பாங்க. பன்னிரண்டுக்குக் கீழ வருமான்னு சொல்ல முடியாது."

"ஏலாது. நான் சாட்சிக் கூண்டில ஏறிச் சொல்லுறன், இவர் தொடேல்லை எண்டு," என்றேன்.

"அக்கா, சத்தியம் பண்ணிட்டு பொய் சொன்னா உங்களையும் உள்ள வைப்பாங்க. வீட்ல பொண்ணு இருக்கா."

இருபது வருடத்தில் என் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழக்கமில்லை மனுசனுக்கு. அன்றாவது ஒரு அதட்டு அதட்டியிருக்கலாம்.

உள்ளே இவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்தினார்கள். மீன் தொட்டிக்குள் இருத்தின மாதிரி. என் கையில் கீதையைத் தந்து சத்தியம் வாங்கினார்கள். மற்றப் பக்கத்து வக்கீல் உயரமான வெள்ளைக்காரி, குரல் வலு மரியாதை. படத்தைத் திரையில் போட்டாள். பன்னிரண்டு ஜூரிமாரும் எங்கள் வீட்டுச் சாமியையும் சந்தனத்தையும் பார்த்தார்கள்.

"இந்தத் துப்பாக்கியை அங்கே எடுத்து வைத்தது யார்?"

"நான்."

"உங்கள் கணவர் என்று எழுதியிருக்கிறீர்களே?"

"அது பொய். மாதவிலக்கோடு நான் சாமியறைக்குள் போய் எல்லாம் தொட்டுவிட்டேன். சொந்தக்காரர் அறிந்தால் காறித் துப்புவார்கள். அதற்காக அவர் செய்ததாக எழுதினேன்."

இவரின் தமக்கை மேலே பார்வையாளர் இடத்தில் இருந்தா. வாயில் கையை வைத்ததைக் கண்டேன். நாளைக்கு ஊர் முழுக்கச் சிரிக்கும், சிரிக்கட்டும். ஜூரியில் ஒரு மனுசி எனக்காகத் தலையசைத்தாள். நம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"அப்படியானால், குடும்பத்தைக் காப்பாற்ற நீங்கள் பொய் எழுதுவீர்கள்," என்றாள் அவள், மெல்ல.

நீதிபதி என் பக்கம் திரும்பி, சத்தியத்தின் கீழ் பொய் சொல்வதன் தண்டனை தெரியுமா, பதில் சொல்லமுன் யோசியுங்கள் என்றார்.

"யோசிக்க ஒண்டுமில்லை. நான்தான் வைச்சனான்!" கத்திவிட்டேன். தமிழில்.

கூண்டுக்குள் இவர் எழும்பிவிட்டார். கண்ணாடியில் கையால் தட்டினார்.

"போதும் நாயகி. உன்னையும் பிடிச்சு வைச்சால் பிள்ளை ஆரோட நிக்கும்?" பிறகு நீதிபதியைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். "அவள் அன்று அந்த அறைக்குள் வரவில்லை, ஐயா. தூக்கினது நான். பொட்டு வைத்ததும் நான்."

அதோடு முடிந்தது. கல்யாணி எழும்பி, இவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்றாள். யாரோ என் கையைப் பிடித்துச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

பின்னேரமே தீர்ப்பு. நீதிபதி கெட்ட மனுசன் இல்லை. அணிலுக்கு வாங்கிய எயார் கன் என்பதும் தெரிந்தது, இருபது வருடம் ஒரு பிழையும் செய்யாதவர் என்பதும் தெரிந்தது. முதல் நாளே ஒத்துக்கொண்டிருந்தால் பத்து மாதம் கொடுத்திருப்பேன் என்று சொல்லியே சொன்னார். இவ்வளவு தூரம் வழக்காடி, மனைவியைச் சாட்சிக் கூண்டில் ஏறவிட்டுப் பிறகு ஒத்துக்கொண்டவருக்கு அந்தளவு குறைக்க முடியாதாம்.

"பதினான்கு மாதம்."

இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பரவாயில்லை என்கிற மாதிரி. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கீழே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அப்பீல் பண்ணலாம் அக்கா. நாடு கடத்துறதுக்கு எதிராவும் போராடலாம்," என்று கல்யாணி என் தோளைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மாதங்களை விரலில் எண்ணினேன். நீதிபதி போட்டது பத்து மாதம். மிச்ச நாலும் நான் போட்டது.