மூன்று பேருக்கான குழி

என் கணவர் ஜோசையா ஹெப்டன் நெசவாலை நடத்திப் பிரபு பட்டம் பெற்றவர். அவர் இறந்த மறுநாள் காலை, மூத்த தாரத்து மகன் கிளெமெண்ட் சமையலறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தான். பட்டமும் ஆலையும் இனி அவனுடையவை. எனக்கு அவற்றில் ஆசையில்லை. நோயாளியோடு மாதக்கணக்கில் விழித்திருந்த உடம்பு என்னுடையது. ஒன்றை மட்டும் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன்: என்னை எங்கே புதைப்பார்கள்?

எங்கள் ஊரில் குடும்பக் கல்லறையை மூன்று பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும் ஆழத்துக்குத் தோண்டுவார்கள். எங்களுடையதில் அடியில் இருப்பவள் கிளெமெண்டின் அம்மா ஹெஸ்டர். தறி ஓட்டியவள், பட்டம் வருமுன்பே போய்விட்டாள். அவள்மேல் இனி இவர். மிஞ்சிய இடம் மகனுக்கு என்று இவர் எப்போதோ சொல்லியிருந்தார்.

"சித்தி, மேல் இடம் யாருக்குன்னு குழி வெட்டுறவர் கேக்குறாரு."

"உனக்குத்தானேப்பா?"

"எனக்கா? உயிரோட இருந்தப்பவே எந்நேரமும் அதட்டினாரு. செத்த பிறகும் அவர் தலைமேல போய்ப் படுக்கணுமா? ஆளை விடுங்க. நீங்களே வெச்சுக்குங்க."

"உங்கம்மா என்ன சொல்வாளோ!"

"நடுவுல அப்பா இருக்காரே, அவர் பாத்துப்பாரு."

சிரித்தேன். அதற்கே மூச்சு வாங்கியது. கிளெமெண்ட் என் முன்னால் ஆறிப்போயிருந்த தேநீரைக் கொட்டிவிட்டு, புதிதாகப் போட எழுந்தான். அது கொதிப்பதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.