ஸ்டாண்டுக்கு ஒரு ஓட்டு

தேர்தலில் தோற்றவர்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஜெயித்தும் தோற்றவளைப் பார்க்க வேண்டுமென்றால் திருப்பரங்குன்றம் ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்குத்தான் வர வேண்டும். பெயர் பாண்டிமீனா. ஒன்பது வருடமாக ஆட்டோ ஓட்டுகிறாள். அந்த வட்டாரத்து ஆட்டோக்காரர்களில் பாதிக்கு மேல் அவள்தான் சங்கத் தலைவராக வர வேண்டும் என்று வாய்விட்டே சொன்னார்கள். ஆனாலும் மாலை விழுந்தது என்னவோ அருள்பாண்டி கழுத்தில்.

சங்கத்துச் சட்டம் அப்படி. சங்கத்தில் பதினொரு ஸ்டாண்டு. ஒவ்வொரு ஸ்டாண்டும் தனக்கொரு லீடரைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பதினொரு பேர் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பாண்டிமீனா லீடராக இருக்கிற ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஐம்பது வண்டிக்கு மேல் நிற்கிறது. அதற்கும் ஒரு ஓட்டு. மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற தனக்கன்குளம் விலக்கில் மூன்றே வண்டி. அதற்கும் ஒரு ஓட்டு. சீட்டு எழுதிப் பெட்டியில் போடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. முதல் தேர்தலில் அதைச் செய்து பார்த்தார்கள். வந்திருந்த ஆட்களைவிடப் பெட்டியில் சீட்டு அதிகமாக இருந்தது. சட்டை கிழிந்தது. அன்றோடு பேப்பருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திருநகர் மைதானத்து வேப்பமரத்துக்கு இங்கிட்டு ஒரு வேட்பாளர், அங்கிட்டு ஒரு வேட்பாளர். லீடர்கள் தங்கள் வண்டியை ஓட்டிப்போய் யார் பக்கம் நிறுத்துகிறார்களோ, அதுதான் ஓட்டு. எண்ணுவதற்கு மைதானத்துக்கு எதிர்வீட்டு லாசர் சாரைக் கூப்பிடுவார்கள். மிஷன் ஸ்கூலில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலோடு வருவார். அவர் ஊதிவிட்டால் பேச்சு கிடையாது.

போன தேர்தலில் அங்கிட்டு அருள்பாண்டிக்கு ஆறு, இங்கிட்டு பாண்டிமீனாவுக்கு ஐந்து என்று ஊதினார். அந்த ஆறு ஸ்டாண்டையும் சேர்த்துக் கூட்டினாலும் ஸ்டேஷன் ஸ்டாண்டுக்கு எட்டாது. ஆறு பேரைக் கையில் வைத்துக்கொண்டால் போதும் என்பது அருள்பாண்டிக்கு மனப்பாடம். ஒருத்தர் வீட்டுக் காதுகுத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பார், இன்னொருத்தர் மகளுக்கு வேலைக்குச் சொல்லிவிடுவார். மற்ற நூற்றுச் சொச்சம் பேர் முகத்தை அவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பார்க்கவும் இல்லை.

தோற்றதோடு போயிருந்தால் பாண்டிமீனாவும் சும்மா இருந்திருப்பாள். மாலை வாடுவதற்குள் அருள்பாண்டி ஒரு அறிவிப்பு விட்டார். ஸ்டேஷன் வாசலில் நெரிசலாம். அடுத்த மாதத்திலிருந்து ஸ்டேஷன் ஸ்டாண்டு பாலத்துக்கு அடியில் போய்விட வேண்டுமாம். வாசலில் யார் நிற்பது? அவருடைய மச்சினனின் ஷேர் ஆட்டோக்கள். அவற்றுக்கு மட்டும் நெரிசல் தெரியாது போலிருக்கிறது.

"யக்கா, ரயில விட்டு எறங்குற சனம், பாலத்துக்கு அடியில நம்ம நிக்கிறோம்னு ஜோசியம் பாத்தா வரும்?" என்றான் ஜூடு. அவளுக்கு அடுத்த வண்டி அவனுடையது. அன்று மதியம் ஸ்டாண்டில் ஒருத்தரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. பாலத்துக்கு அடியில் போய்விட்டால் ஐம்பது அடுப்பும் அணைந்த மாதிரிதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஆளு போயி ஆளு வந்தாலும் இந்தச் சட்டம் இருக்க வரைக்கும் இப்படித்தேன்டா. சட்டத்தையே மாத்துவோம்" என்றாள் பாண்டிமீனா. "வண்டிக்கு ஒரு ஓட்டு. எல்லாரும் சேந்து தலைவரத் தேர்ந்தெடுக்கட்டும்."

சட்டத்தை மாற்றுவதற்குப் பதினொரு லீடர்களில் எட்டுப் பேர் சம்மதிக்க வேண்டும். கையில் ஐந்து இருந்தது. இன்னும் மூன்று வேண்டும். முதலில் தனக்கன்குளம் விலக்குக்குத்தான் போனாள். அங்கே லீடர் சோணை, ஐம்பதைத் தாண்டியவர். எதற்கும் சட்டென்று தலையாட்டமாட்டார், ஆட்டிவிட்டால் மாறவும் மாட்டார்.

விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

"ஏத்தா மீனா, ஒனக்கு அம்பது வண்டி இருக்கு, சொல்லுவ. வண்டிக்கு ஒரு ஓட்டுன்னா எங்க மூணு வண்டிய எவன் மதிப்பான்? இப்பவாச்சும் ஒரு ஓட்டுக்காக அருள்பாண்டி வந்து டீ வாங்கிக் குடுக்குறாரு. நாளைக்கு நீ தலைவராகி, விலக்கு ஸ்டாண்டே வேணாம்னு சொன்னா, நான் எங்கிட்டுப் போயி நிக்க?"

"நான் அப்படிச் சொல்லுவேனாண்ணே?"

"நீ சொல்ல மாட்ட. ஒனக்கு அடுத்து வாரவன்? ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒங்க ஸ்டேஷன் பயலுக இங்கன சவாரி எறக்கிட்டு, எங்க மூணு வண்டி வரிசையில நிக்கயிலேயே முறையத் தாண்டி ஆள ஏத்திட்டுப் போனாய்ங்க. கேக்கப் போனா அம்பது பேரு வந்து நின்னீக. மறந்துட்டியா?"

பாண்டிமீனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அருள்பாண்டி டீக்கு இம்புட்டு ருசியாண்ணே?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

திருமங்கலம் ரோட்டில் வரும்போதுதான் கோபம் கொஞ்சம் இறங்கியது. இறங்கியதும் வெட்கமாக இருந்தது. ஆட்டோக்காரர்களுக்குள் ஆயிரம் சண்டை இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் எதிரிகூட விட்டுக்கொடுக்கமாட்டான். ஒரு வண்டியை வரிசையில் சேர்க்கமாட்டேன் என்று மல்லுக்கட்டலாம். சேர்த்துவிட்டால், அது யார் வண்டியானாலும் அதன் முறை வந்தே தீர வேண்டும். முறையைத் தாண்டியவனோடு ஒருத்தரும் பேசமாட்டார்கள். அன்றைக்குத் தன் ஸ்டாண்டு பையன்கள் தாண்டியபோது, எண்ணிக்கை தன் பக்கம் இருந்ததால் அவளும் கூட நின்றிருந்தாள். சோணையின் பயம் நியாயமானதுதான். ஆறு பேரை வைத்து அருள்பாண்டி நூறு பேரை ஏய்க்கிறார் என்றால், நூறு பேரை வைத்து மூன்று பேரை ஏய்ப்பது மட்டும் எந்த ஊர் நியாயம்?

மறுநாள் காலையில் திரும்பவும் போனாள். இந்த முறை டீயை அவள் வாங்கிக் கொடுத்தாள்.

"அண்ணே, நேத்துப் பேசுனது தப்பு. ரெண்டாவதா ஒரு சட்டம் சேப்போம். தலைவர எல்லாரும் சேந்து தேர்ந்தெடுக்குறது. ஆனா ஒரு ஸ்டாண்ட எடுக்கணும், மாத்தணும்னா அந்த ஸ்டாண்டுக்காரவுக சம்மதிக்கணும். மூணு வண்டியா இருந்தாலும் சரி, நூறு வண்டியா இருந்தாலும் சரி. எந்தத் தலைவரும் அதத் தொடக் கூடாது."

சோணை மெல்வதை நிறுத்தினார். "ஒன் பயலுக ஒத்துக்குவாய்ங்களா?"

"அவய்ங்களுக்குந்தேன் அது இப்ப வேணும்."

"யோசிக்கிறேன்" என்றார் சோணை. டீயை மட்டும் குடித்தார்.

இதெல்லாம் அருள்பாண்டி காதுக்குப் போகாமல் இருக்குமா? போனது. சிரித்தார். எட்டு லீடர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற தைரியம் அவருக்கு. அதோடு நின்றிருந்தால் இன்றைக்கும் அவர்தான் தலைவர். ஆனால் மனிதருக்குக் கவுன்சிலர் ஆசை வந்திருந்தது. கட்சிக்காரர்களிடம் காட்டுவதற்கு ஒரு கூட்டம் வேண்டும். வழக்கமாக லீடர்கள் மட்டும் வருகிற பொதுக்குழுவுக்கு, இந்தத் தடவை எல்லா ஸ்டாண்டு வண்டிகளும் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஸ்டாண்டுக்கு ஒரு வரிசை. முன்னால் லீடர் வண்டி, பின்னால் மற்ற வண்டிகள். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவரிடம் சொல்லி, பறக்கிற கேமராவுக்கும் ஏற்பாடு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைப் பார்க்க வேண்டுமே! நூற்று நாற்பது ஆட்டோவுக்குக் குறையாது. ஸ்டேஷன் ஸ்டாண்டு வரிசை மைதானம் போதாமல் தெருமுனைவரை வளைந்து கிடந்தது. அருள்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. கேமராவை அண்ணாந்து பார்த்து நாலு முறை கையசைத்த பிறகு மைக்கைப் பிடித்தார்.

"தங்கச்சி பாண்டிமீனா சட்டத்த மாத்தணும்னு கேக்குது. ஜனநாயகம், கேக்கட்டும். லீடருங்க மட்டும் வண்டிய எடுத்து, மாத்தணும்னா மரத்துக்கு இங்கிட்டு, வேணாம்னா அங்கிட்டு நிறுத்துங்க. மத்தவுக யாரும் வண்டிய எடுக்கக் கூடாது. லாசர் சார், விசில ஊதுங்க."

"ஒரு நிமிசம் சார்" என்று பாண்டிமீனா முன்னால் வந்தாள். "அண்ணே, ஒரு கேள்வி. இங்கன நிக்கிற வண்டியெல்லாம் வரிசையில நிக்கிதா, இல்லையா?"

"நிக்கிது. கண்ணு தெரியலையா?"

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"நாந்தேன்" என்றார் அருள்பாண்டி பெருமையாக.

"நீங்களே கூப்ட்டு, நீங்களே வரிசையில விட்டிருக்கீக. வரிசையில விட்ட வண்டிக்கு முறை கெடையாதுன்னு எந்த ஸ்டாண்டுலயாச்சும் உண்டாண்ணே? ஒரு ஸ்டாண்ட மட்டும் சொல்லுங்க. நான் இப்பவே வண்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

அருள்பாண்டியும் இருபது வருடம் வரிசையில் நின்றவர்தான். முறை கிடையாது என்று சொல்ல அவருக்கே நா எழவில்லை. "இது... இது வேற, அது வேற" என்று இழுத்தார்.

அப்போதுதான் முதல் ஹாரன் கேட்டது. பாண்டிமீனாவின் ஸ்டாண்டிலிருந்து அல்ல. அருள்பாண்டி தினமும் வண்டி நிறுத்துகிற அவருடைய சொந்த ஸ்டாண்டிலிருந்து. வரிசையில் நாலாவதாக நின்ற வண்டி. எந்த ஆட்டோக்காரனும் முன்வண்டி நகராவிட்டால் செய்வது அதுதானே. இரண்டாவது ஹாரன், மூன்றாவது ஹாரன், அப்புறம் மைதானமே அலறியது. எதிர்வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. இத்தனை நாளும் தனியாக வந்து, தனியாக ஓட்டுப் போட்டுவிட்டுப் போன லீடர்கள், முதல்முறையாகக் கண்ணாடியில் தங்களுக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு வேர்த்தது.

பாண்டிமீனாவோடு சேர்த்து ஐந்து வண்டிகள் இங்கிட்டு வந்து நின்றன. சோணைக்குப் பின்னால் இரண்டே வண்டிகள். அவர்கள் ஹாரன் அடிக்கவில்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோணை வண்டியிலிருந்து தலையை நீட்டினார்.

"ஏத்தா, ரெண்டாவது சட்டத்தையும் சேத்துத்தேனே?"

"சேத்துத்தேண்ணே! எங்க ஸ்டாண்டு மொத்தமும் கேக்கத்தேன் சொல்றேன்!"

"அன்னைக்கு முறையத் தாண்டுனது?"

பாண்டிமீனா ஒரு நொடி தன் ஸ்டாண்டு வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு மைக்கை வாங்கினாள். "தப்புத்தேன். மைக்குலயே சொல்றேன். தப்பு."

சோணையின் வண்டி உறுமிக்கொண்டு இங்கிட்டு வந்தது. ஆறு. அதற்குப் பின்னால் ஏழு. எட்டாவது வந்தது அருள்பாண்டியின் சொந்த ஸ்டாண்டு லீடர் வண்டி. பின்னால் நின்றவர்கள் இறங்கி வந்து தள்ளிவிடாத குறை. லாசர் சார் கன்னம் உப்ப ஊதினார். ஜூடு வண்டிக் கூரைமேல் ஏறி ஆட, இறங்கச் சொல்லி அதற்கும் ஊதினார். பாண்டிமீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதை அடக்குவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டாள். மேலே பறந்துகொண்டிருந்த கேமரா, அருள்பாண்டியின் செலவிலேயே எல்லாவற்றையும் படம் பிடித்தது.

புதுச் சட்டப்படி அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தலைவர் தேர்தல். மறுபடியும் அதே வேப்பமரம். அருள்பாண்டியும் நின்றார்; அந்த மட்டில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். இந்த ஒரு வாரத்தில் பதினொரு ஸ்டாண்டுக்கும் போய் ஒவ்வொருத்தர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வண்டியாக வந்து நின்றது. இங்கிட்டு தொண்ணூற்றெட்டு, அங்கிட்டு நாற்பத்தொன்று என்று லாசர் சார் ஊதப் போனார். ஸ்டேஷன் ஸ்டாண்டு அதற்குள் குலவையிட்டு, மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"நில்லுங்க" என்று கையைத் தூக்கினாள் பாண்டிமீனா. "தனக்கன்குளத்துல மூணு வண்டி. ரெண்டுதேன் வந்திருக்கு. சோணண்ணன் எங்க?"

"ஜெயிச்சாச்சுக்கா! ஒரு வண்டி வந்தா என்ன, வராட்டி என்ன?" என்றான் ஜூடு.

"வாரேன்னு சொன்ன வண்டிடா. அதுக்கும் முறை இருக்கு."

மாலையைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றார்கள். முணுமுணுத்தார்கள். கடைசியில் தெருமுனையில் சோணையின் வண்டி தெரிந்தது. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாராம். கூட்டம் வழிவிட்டது. வண்டி மரத்தடிக்கு வந்தது, தயங்காமல் திரும்பியது, அங்கிட்டுப் போய் அருள்பாண்டி பக்கம் நின்றது.

சோணை நிதானமாக இறங்கினார்.

"எம்பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கூடவே இருந்தவரு அருள்பாண்டி. சட்டத்துக்கு ஒன் பக்கம் நின்னேன். ஆளுக்கு அவரு பக்கம். கோவமாத்தா?"

பாண்டிமீனா வாய்விட்டுச் சிரித்தாள். தொண்ணூற்றெட்டு வண்டி வந்தபோது வராத சந்தோஷம் இந்த ஒரு வண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றபோது அவளுக்கு வந்தது. இனி அந்த மூன்று வண்டிக்காரர்கள் யாருக்கும் பயந்து டீ குடிக்க வேண்டியதில்லை. பாலத்துக்கு அடியில் ஒருத்தரும் போக வேண்டியதில்லை.

"சார்" என்று லாசர் சாரைப் பார்த்து உரக்கச் சொன்னாள், "அங்கிட்டு நாப்பத்திரண்டு. இப்ப ஊதுங்க!"