நாலு வாஷர்

றுஸ்னா மூன்று மாதம் மண்டையை உடைத்துச் செய்த வடிகட்டி உள்ளங்கை அளவு. அவளுக்கு இரண்டு வயது இளைய தோழி அப்னா செய்ததோ தபால் முத்திரை அளவு. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். மீன்பிடிப் படகின் ராடாருக்கு வேண்டிய ரேடியோ அலைகளை விட்டு, அதைவிட அதிர்வெண் கூடிய அலைகளை மறிக்க வேண்டும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று ஆய்வுகூடத் தலைவர் ஸைனுலாப்தீன் சேர் அப்னாவைப் பார்த்துச் சொன்னார். றுஸ்னாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? எவளுடையது படகில் பொருத்தும் பெட்டிக்குள் ஒழுங்காக வேலை செய்கிறதோ, அவளுக்குத்தான் ஆய்வுகூடத்தில் காலியாக இருந்த ஒரே வேலை.

அப்னாவின் சூட்சுமம் அவளுடைய மின்சுற்றுப் பலகையின் பின்பக்கத்தில் இருந்தது. அங்கே செம்பை நீக்கி இரண்டு வெட்டு விட்டிருந்தாள். வடிகட்டி அத்தனை சிறுத்தது அந்த வெட்டுகளால்தான். ஆனால் உலோகப் பெட்டியின் அடியில் பலகை ஒட்டிவிட்டால், வெட்டு இருந்தும் இல்லாத மாதிரித்தான். போன வருடம் வேறொரு பலகையை அப்படி ஒட்டவைத்து மூக்குடைபட்டவள் றுஸ்னா. அதற்குப் பிறகு, பலகையை அடியில் ஒட்டாமல் தூக்கி வைக்க வாங்கிய நாலு பிளாஸ்டிக் வாஷர் இன்னும் அவள் பையில் கிடந்தது.

பெட்டி அன்றுதான் வந்தது. பலகையை முடுக்கித் தரும்படி அப்னா அவளிடமே கொடுத்தாள். தினமும் ஒரே பஸ்ஸில், ஒரே சீற்றில் மருதமுனைக்குப் போகிறவர்கள் அல்லவா, அந்த நம்பிக்கை. றுஸ்னா வாஷர்களைப் பையிலேயே விட்டுவிட்டு நாலு திருகாணியையும் இறுக்கினாள்.

அளந்து பார்த்தால் கருவியின் திரையில் கோடு கீழே விழவே இல்லை. மறிக்க வேண்டிய அலையெல்லாம் தாராளமாய்ப் போனது. மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றுகூடச் சொல்லிக்கொண்டாள், வெட்கங்கெட்டவள்.

பிறகு றுஸ்னாவுடையதை வைத்தார்கள். எப்படித் திருப்பினாலும் ஒரு விரல் அகலம் பெட்டிக்கு வெளியே நின்றது. அப்படியானால் வடிகட்டியை வெளியில்தான் வாங்க வேண்டும், வேலையும் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு சேர் லுஹர் தொழுகைக்குப் போனார். எனக்கில்லாதது அவளுக்கும் இல்லை என்று றுஸ்னாவுக்கு அதிலும் ஒரு நிம்மதி.

அப்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவிடம் வருவதுபோல் பக்கத்தில் வந்தாள்.

"ராத்தா, ஒங்கட பலகையில ஓரத்தக் கொஞ்சம் வெட்டிப் பாப்பமா? ஒங்களுக்காவது கிடைக்கட்டும்."

அதைத்தான் றுஸ்னாவால் தாங்க முடியவில்லை. பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பையிலிருந்த வாஷர்களை எடுத்து, அப்னாவின் பலகைக்கு அடியில் மூலைக்கு ஒன்றாய் வைத்து மறுபடி முடுக்கினாள். கோடு வேண்டிய இடத்தில் சட்டென்று கீழே விழுந்தது. அதைப் பார்த்தும் அவளுக்கு வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

அப்னா சிரிக்கவில்லை. வாஷர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"ஓம்."

சேர் திரும்பி வந்து பார்த்து, வேலை அப்னாவுக்குத்தான் என்றார். பின்னேரம் பஸ் வந்ததும் அப்னா முந்தி ஏறினாள். யன்னலோரம் இருந்துகொண்டு, பக்கத்துச் சீற்றில் தன் பையை வைத்தாள்.