காலிக் கோப்பைக்கு மதிப்பெண்

ஜூன் பன்னிரண்டாம் தேதி நடந்த மதிப்பீட்டில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமிக்கு அநியாயம் நடக்கவிருந்தது. பொது வகுப்பா, தனி வகுப்பா என்பதை ஆசிரியை இடும் மதிப்பெண்ணே முடிவுசெய்யும்.

ஆசிரியை வெற்றுக் கோப்பையை நீட்டினார். “இந்தா கண்ணு, டீ குடிக்கிற மாதிரி நடி.”

சிறுமி எட்டிப் பார்த்தாள். “டீ இல்ல மிஸ்.”

“இருக்குன்னு வெச்சுக்கோ.”

சிறுமி எழுந்து குழாயில் தண்ணீர் பிடித்துவந்து, ஆசிரியையிடமே நீட்டினாள். “டீ இல்ல. தண்ணி இருக்கு. குடிங்க.”

“வீட்டுலயும் இப்படித்தான் மிஸ். பொய் சொல்லவே வராது, என்னை மாதிரி இல்ல,” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியின் அப்பா சிரித்தார்.

ஆசிரியை குடித்தார். பாவனை செய்யாததால் விதிப்படி பூச்சியம். ஆனால், இல்லாததை இல்லை என்றவளுக்கா பூச்சியம்? முடிவெடுக்க முடியாமல் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

வாசகரே, படிவத்தின் மதிப்பெண் கட்டத்தில் என்ன எழுதுவது? மழுப்பாமல் நீங்களே சொல்லுங்கள்.