பாலத்து மேல் சொன்னது

1

இந்தக் கதை ஒரு நீல ஒட்டுநாடாவால் வந்தது. என் எழுத்தறை ஜன்னல் காற்றடித்தால் ஊளையிடும். அதைச் சரிசெய்ய வந்த ஜன்னல்காரரின் வண்டி வாசலில் நின்றது. கழற்றி மாட்டும் ஃபைபர் கூரை போட்ட வண்டி. கூரை ஓரம், கதவு ஓரம், கண்ணாடி ஓரம் என்று இடுக்கு இருந்த இடமெல்லாம் நீல நாடாவின் மிச்சம் ஒட்டியிருந்தது.

"வண்டிக்கு அடிபட்டுடுச்சா?" என்று கேட்டேன்.

"அடி வண்டிக்கு இல்லீங்க, எனக்கு," என்றார்.

அரை மணி நேரம் என் ஜன்னலைப் பார்த்தார். ஒரு மணி நேரம் தன் வண்டியைப் பற்றிப் பேசினார். அதில் பாதியை எடுத்துக்கொண்டேன், மீதியை இட்டுக்கட்டினேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே குழம்பிவிட்டது.

(நேரில் அவர் எனக்கு 'அவர்'தான். கதைக்குள் வந்துவிட்டால் 'அவன்'. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.)

2

முதல் தொடக்கம்: "காற்றுக்கு ஆயிரம் வாய். அவற்றுள் ஒன்று அவனுடைய வண்டியின்" … வேண்டாம். யாரோ மேடையேறிப் பேசுவதுபோல இருக்கிறது.

இரண்டாவது: "ஊரார் வீட்டு ஜன்னல்களையெல்லாம் காற்றுப் புகாமல் அடைத்தவனுக்குத் தன் வண்டியை" … இதில் நீதி சொல்லும் வாடை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது:

"நீங்கதானே சரின்னீங்க?" என்றாள் மனைவி.

இது போதும். அவன் கையில் இருந்தது அவளுடைய அலுவலகக் கடிதம். அவளது ராஜினாமா ஏற்கப்பட்டது. இன்றிலிருந்து முப்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்கு வேலை முடியும். அதற்குள் மனம் மாறினால் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம்.

"நான் எப்ப சரின்னேன்?"

"போன செவ்வாய்க்கிழமை. பாலத்து மேல. வேலைய விட்டுடவான்னு கேட்டேன். ம்ம்னீங்க. தலைய வேற ஆட்டினீங்க."

அந்த 'ம்ம்' அவனுக்கு நினைவிருந்தது. கேள்விதான் நினைவில்லை. அது காதில் விழவே இல்லை.

3

இங்கே மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஐந்து நடைமேடைகளுக்கும் எட்டிய குரல். ஏழு மாதத்துக்கு முன் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போய் வெறும் மூச்சுப் பேச்சு மிஞ்சியது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். நிலையத்தில் அவளைத் தவறவிட்ட பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள். இப்போது குடைகளுக்குச் சீட்டுக் கட்டுகிறாள்.

அறிவிப்பாளருக்கே குரல் போவது கொஞ்சம் அதிகப் பொருத்தம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு நாள் அவளைத் தையல்காரி ஆக்கிப் பார்த்தேன். மறுநாள் கண் பரிசோதகர் ஆக்கினேன். இரண்டிலும் அவள் கதையில் உட்காரவே மாட்டேன் என்றாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

* எழுதிக் காட்டினால் என்ன என்று கேட்கிறீர்களா? அவனும் ஒரு நோட்டு வாங்கி வந்தான். "கட்டின புருஷனுக்கு நான் என்ன மனு போடணுமா?" என்று அதில் ஒரே ஒரு வரி எழுதி மூடிவிட்டாள்.

வீட்டில் நிதானமாகப் பேச முடியாது. அவனுடைய அப்பாவுக்குக் காது மந்தம், டிவி அலறும். மாலைக்குள் அவளுக்கு இருக்கிற கொஞ்சம் குரலும் தீர்ந்துவிடும். காலையில் அவளைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடப் போகும் நாற்பது நிமிடம்தான் அவளுடைய நேரம். அந்த நாற்பது நிமிடத்தைத்தான் காற்று எடுத்துக்கொண்டது. பாலத்தில் ஏறி வேகம் எடுத்தால் கூரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு இரைச்சல் கிளம்பும், அவள் உதடு அசைவது மட்டும் தெரியும்.

முதல் வாரம், "கேக்கலம்மா, இன்னொரு தடவ சொல்லு," என்று கேட்டான். மூன்றாம் தடவை சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ம்ம்.

இப்போது உண்மையை ஒப்புக்கொண்டால் இத்தனை மாத 'ம்ம்' அத்தனையும் பொய் என்று ஆகிவிடும். அதற்கு வண்டியைப் பிரித்துப் போடுவது மேல் என்று அவனுக்குப் பட்டது. முப்பது நாள் இருக்கிறது. வண்டியின் வாயை அடைத்துவிட்டு, கேள்வியை மறுபடி அவளே கேட்கும்படி செய்து, இந்தத் தடவை காதால் கேட்டுப் பதில் சொல்வது. பிடித்த பிடியை விடமாட்டான் அவன்.

4

காற்றுச் சத்தம் மூன்று வகை என்று எனக்கு வகுப்பு எடுத்தார் ஜன்னல்காரர். விசில், ஊளை, இரைச்சல்.

ஊளை கூரைமேல் ஏணி கட்டும் கம்பிகளிலிருந்து வந்தது. முதல் நாளே கழற்றினான். ஏணி இல்லாமல் ஜன்னல்காரன் எப்படித் தொழில் செய்வான்? மச்சினனின் சரக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான்.

"எதுக்கு மாமா இவ்ளோ மெனக்கெடறீங்க?" என்றான் மச்சினன். "பொண்டாட்டி பேசறது கேக்கலன்னா ஊர்ல பாதிப் பேரு நிம்மதின்னு தூங்குவான்."

"நீ ஏணியப் பத்திரமா கட்டு," என்றான் இவன். சிரிக்கவில்லை.

அடுத்து எல்லா இடுக்கிலும் நாடா ஒட்டித் தனியாக ஓட்டிப் பார்த்தான். சத்தம் பாதியாகக் குறைந்தது. திருடன் இடுக்கில்தான் இருக்கிறான் என்று உறுதியானது. பிறகு நாளுக்கு ஒரு நாடாவாக உரித்தான். எதை உரித்தால் சத்தம் திரும்புகிறதோ அது கள்ள இடம். ஒன்பதாம் நாள் பக்கக் கண்ணாடியின் அடியில் விசில் அகப்பட்டது, ரப்பர் வைத்து அடைத்தான். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் கவ்வவில்லை என்று அர்த்தம். நான்கு இடத்தில் வந்தது, நான்கு இடத்திலும் புது ரப்பர்.

இரைச்சல் மட்டும் அசையவில்லை. அது நெற்றிக்கு நேர் மேலே, கூரையின் முன்விளிம்பு கண்ணாடிச் சட்டத்தைத் தொடும் இடத்தில் இருந்தது. அங்கே ரப்பரை இரட்டையாகப் போட்டான். இன்னும் மோசமானது. இன்னொரு அடுக்கு போட்டான். கூரையைச் சட்டத்தோடு பூட்டும் முன் கொக்கியே மாட்டவில்லை.

இருபத்திரண்டாம் நாள், "இந்த வண்டிய விட்டுடுங்களேன், தினமும் ராத்திரி சோறு ஆறிப் போகுது," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா தூங்கி டிவி ஓய்ந்த பிறகு காதருகே சொன்னது என்பதால் கேட்டது.

"இன்னும் எட்டு நாள் இருக்கும்மா."

"எதுக்கு?"

அவன் ஸ்பானரைத் தேடினான்.

5

தப்பு அவன் கையில்தான் இருந்தது. ஜன்னல் மாட்டுகிறவன் கீல் பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டு, கடைசியில்தான் தாழ்ப்பாள் பக்கம் வருவான். இருபது வருடப் பழக்கம். கூரையையும் அப்படித்தான் மாட்டினான். பின் போல்ட்டுகளை முழுக்க முறுக்கிவிட்டு முன் கொக்கிக்கு வந்தான். பின்னால் முறுக்க முறுக்க மொத்தக் கூரையும் நகக்கனம் பின்னுக்குப் போனது. முன் ரப்பர் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது, அழுத்தவில்லை. கூரையைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு தடவையும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறான். காற்றின் மேல் பழி.

"ஒரு நாள் முழுக்க என்னையே திட்டிக்கிட்டேங்க," என்றார் என்னிடம்.

எல்லாவற்றையும் தளர்த்தினான். கூரையைத் தோள் கொடுத்து முன்னால் தள்ளி, முன் கொக்கிகளை முதலில் பூட்டி, பின் போல்ட்டுகளை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினான். உள்பக்கம் கனமான கம்பளித் துணி ஒட்டினான். இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பாலத்தில் தனியாக ஓட்டினான். இண்டிகேட்டர் டிக் டிக் என்பது அவனுக்குக் கேட்டது. அந்த வண்டிக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். தனியாக உட்கார்ந்து அழுதான். (இது நான் இட்டுக்கட்டியது. ஆனால் அழுதிருப்பார்.)

6

நானும் அவன் வழியில் போனேன். இந்தக் கதையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் காகிதத்தால் மூடி, அது இல்லாமல் அவளுடைய பேச்சு கேட்கிறதா என்று வாசித்துப் பார்த்தேன். பேருந்து நிலைய வர்ணனை அரைப் பக்கம் போனது. பாலத்தடி நதி போனது. [நதியைப் பற்றி நல்ல வரி ஒன்று இருந்தது. இன்னும் மனசு கேட்கவில்லை.] அப்படியும் ஒரு இரைச்சல் பாக்கி. தேடிப் பார்த்தால், அது நான்தான். இதோ, ஒதுங்குகிறேன்.

7

முப்பதாம் நாள் காலை. அவள் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி பாலத்தில் ஏறியது. எழுபது கிலோமீட்டர் வேகம். அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள், வித்தியாசம் அவளுக்கும் புரிந்தது. அவன் பக்கம் திரும்பி வாயசைத்தாள். மெல்லிய குரல், ஆனால் முழுசாகக் கேட்டது.

"கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன்."

"கேட்டுச்சு! கேட்டுச்சும்மா!" ஸ்டியரிங்கில் தட்டினான். முகமெல்லாம் பல். "ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு!"

சொல்லிக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தான்.

"கேட்டுச்சுல்ல? அப்ப நிறுத்துங்க." அவள் மூச்சு இழுத்துக்கொண்டாள். "ஏழு மாசமா தினமும் இதத்தான் சொல்றேன். நிறுத்துங்க, ஒரு விஷயம் பேசணும்னு. நீங்க ம்ம்னுட்டு ஓட்டுவீங்க."

நாடா, ரப்பர், கம்பளி எதுவும் வேண்டியிருக்கவில்லை. நின்ற வண்டியில் காற்று இரையாது. இந்தச் சின்ன விஷயம் ஊருக்கெல்லாம் ஜன்னல் வைக்கிறவனுக்கு உறைக்கவில்லை. சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருகிறவன் என்று பேர் வாங்கியவன், போகிற வழியில் வண்டியை ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

"எனக்கு எதுவுமே கேக்கலம்மா," என்றான். "ஏழு மாசமா. சும்மா தலைய ஆட்டினேன்."

"தெரியும்," என்றாள். "மொதல்ல நிறுத்துங்க."

8

இந்த இடத்தில் என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

அவள் ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறாள், குரல் வருகிறது, ஐந்து நடைமேடைகளுக்கும் கேட்கிறது. எழுதினேன். மருத்துவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? கிழித்தேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்பே அவளுக்கு அந்த வேலை சலித்துவிட்டது, அவனுடைய 'ம்ம்' தெரியாமல் விழுந்த சரியான பதில். இது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்காமலேயே ஆளாளுக்குத் தலையாட்டினார்கள், அலுவலகம் ஒரு அறையைக் கொடுத்தது, புருஷன் ஒரு 'ம்ம்' கொடுத்தான். நான் ஒரு முடிவைக் கொடுத்தால் அந்த வரிசையில் மூன்றாவது ஆள்.

ஆகவே கொடுக்கப் போவதில்லை. மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது.

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினான். எட்டு இருபது. அவள் எட்டரைக்கு நிலையத்தில் இருக்க வேண்டும், அவனுக்கு ஒன்பதுக்கு ஒரு வீட்டில் ஆறு ஜன்னல். கைபேசி அடித்தது, அதை அணைத்தான். எஞ்சினையும் அணைத்தான். திரும்பி அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தான்.

"சொல்லு," என்றான். "எவ்ளோ நேரம் ஆனாலும் சரி."

அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மெல்லத்தான் சொல்லுவாள், நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவாள். நான் எழுதுவதை நிறுத்துகிறேன். நீங்கள் கேளுங்கள்.